சிவப்பு நூல் கட்டிய வயர்

ஜீப் கடைசி வளைவைத் திரும்பி நின்றபோது உச்சிப்பொழுதுதான். ஆனாலும் டிரைவர் முன்விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தான். போடிமெட்டைத் தாண்டியதும் இறங்கிய மேகம் விலகவே இல்லை. ஏலச்செடிகளின் நீண்ட இலைகள் மட்டும் ரோட்டோரத்தில் தலையை நீட்டி, வருவது யாரென்று பார்த்துவிட்டு, மறுபடி அந்த வெள்ளைக்குள் போய்க்கொண்டிருந்தன.

ரேணுகா மடியிலிருந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எதிரே பழைய ஸ்டோர் நின்றது. ஏலக்காயைக் கொண்டுவந்து உலர்த்துகிற கட்டடத்துக்கு அந்தப் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் பேர். கல்சுவர், தகரக்கூரை, உச்சியில் புகை போக ஒரு கூண்டு. எஸ்டேட்டில் வேறிடத்தில் புதிதாகக் கட்டிக்கொண்ட பிறகு இது சும்மாதான் கிடக்கிறது. காயெடுப்பு முடிந்து, கூலிச் சனம் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற அன்றைக்கு மட்டும் கதவைத் திறப்பார்கள். பொங்கல் இறக்கியதும் உள்ளே கச்சேரி. இருட்டுவதற்குள் எல்லாரும் மலை இறங்கியாக வேண்டும் என்பதால் அது பட்டப்பகலில்தான் நடக்கும்.

போன வருஷக் கச்சேரியில்தான் அவள் புருஷன் சுருளிவேல் செத்துப்போனான். இதே ஸ்டோரில். இதே பலகை மேடையில்.

"காலப் பாத்து வைங்க மதினி. பாசி வழுக்குது."

சொன்னது சுருளிவேலின் தம்பி அருள்பாண்டி. அண்ணன் வாசித்த பேஸ் கிடார் அவன் முதுகில் தொங்கியது. அண்ணனின் பேஸ் ஆம்பை, அந்தக் கனத்த கறுப்புப் பெட்டியை, தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தான். அண்ணன் இடத்தில் நின்று அவன் வாசிக்கப்போகிற முதல் கச்சேரி அது.

"வேணாம்னு அம்மா சொன்னாங்கள்ல," என்றாள் ரேணுகா.

"அம்மா நான் சைக்கிள் ஓட்டவும் வேணாம்னுதான் சொன்னாங்க. வாங்க மதினி, நீங்க இருக்கீங்கள்ல."

அதற்காகத்தான் அவள் வந்திருந்தாள். சுருளிவேலின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணக் குடுத்துட்டேன் ஆத்தா, இன்னொண்ணக் கொண்டாந்து சேத்துரு," என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். ரேணுகா தலையை ஆட்டினாள். மாமியார் பிடித்த பிடி அழுத்தமா லேசா என்று அவளுக்குத் தெரியவில்லை.

தெரியாமல் போய் ஒரு வருஷமாகிறது. போடியில் ஏலக்காய் கோடவுனில் காய் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. முன்பெல்லாம் காயை விரலில் ஒரு உருட்டு உருட்டினாலே உள்ளே அரிசி நிறைந்ததா, வெறும் தோலா என்று சொல்லிவிடுவாள். புருஷன் போனபிறகு விரல் நுனிகள் மரத்துவிட்டன. இப்போது கண்ணால் பார்த்துத்தான் பிரிக்கிறாள். துக்கத்தில் வருவது, போகப் போகச் சரியாகும் என்றார்கள். அழுதாலாவது சரியாகும் என்றார்கள். அழுகை வரவில்லை.

ஸ்டோருக்குள் காலை வைத்தபோதாவது நெஞ்சு அடைக்கும், பயமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றுமே தோன்றவில்லை. பழைய ஏலக்காய் மணம், புகை ஊறிய பலகை, ஈரத் தகரம். அவ்வளவுதான்.

நாலடி போனதும் நின்றாள்.

பலகைத் தரைக்குக் கீழே ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. காதுக்குக் கேட்கிற சத்தம் இல்லை அது. செருப்பைக் கழற்றிய உள்ளங்காலில்தான் தெரிந்தது. தடித்த தந்தியைத் தட்டிவிட்டு விரலை எடுக்காமல் வைத்திருந்தால் வருமே, அந்த மாதிரி.

"கரண்டு வந்துருச்சா தம்பி?"

"இன்னும் இல்லயே மதினி. சவுண்டு செட்டுக்காரங்க இப்பத்தான் வயரு இழுக்கிறாங்க."

ஆம்ப் அவன் தோளிலேயேதான் இருந்தது.

ஏலக்காய் மணத்துக்கு அடியில் இன்னொரு மணமும் இருந்தது. சூடமும் ஈரமண்ணும் கலந்தது. கோயிலில் சூடம் காட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மேடையில் பிச்சைமணி நின்றிருந்தார். கச்சேரிக் குழுவுக்கு முதலாளியும் அவர்தான், கீபோர்டு வாசிக்கிறவரும் அவர்தான். ரேணுகாவைப் பார்த்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணுக்கு நேரே பார்க்கவில்லை.

"வந்துட்டியா தங்கச்சி. வந்தது நல்லதுதான். ஏய் மாப்ளே, ஆம்புக்குக் கரண்டு கார்டு கொண்டாந்தியா? போன தடவ மாதிரி…"

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"கொண்டாந்திருக்கோம்ணே," என்றாள் ரேணுகா. துணிப்பையை அருள்பாண்டியிடம் நீட்டினாள்.

ஆம்புக்கும் சுவருக்கும் நடுவே போகிற அந்தக் கறுத்த வயருக்காக முந்தின நாள் போடியில் சோணையின் கடைக்குப் போயிருந்தார்கள். சோணை எலக்ட்ரிக் சாமான் விற்கிறவர். கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாத மனுஷர்.

"என்னத்துக்குத் தாயி கார்டு? மிக்சிக்கா?"

"பேஸ் ஆம்புக்குண்ணே," என்றான் அருள்பாண்டி.

சோணை கொக்கியிலிருந்து ஒன்றை உருவிப் போட்டார். "இது கம்ப்யூட்டருக்கு வர்றது. வாயி ஒண்ணுதான், ஒன் பெட்டிக்கும் கச்சிதமா ஒக்காரும். ஆனா ஆளு நோஞ்சான். பேஸு பெரிய இழுப்பு இழுக்கும். ரெண்டு பாட்டுத் தாங்குவான், மூணாவது பாட்டுல சூடேறிப் படுத்துருவான். ஒனக்குத் தடிச்ச வயரு வேணும். உள்ள பச்சை வயரு கட்டாயம் இருக்கணும். பெட்டிக்குள்ள எங்கயாச்சும் கரண்டு கசிஞ்சா, பச்சைதான் அத மண்ணுக்குக் கொண்டுபோயி விடும். அது இல்லைன்னு வையி, கரண்டு சும்மா இருக்குமா? தந்தியில கைய வச்சுக்கிட்டு மைக்குல வாய வச்சேன்னா, ஒன்னயே வயராக்கிப் போயிரும்."

சொல்லிவிட்டு ரேணுகாவைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தடிச்சது குடுங்கண்ணே," என்றாள் அவள், ஒன்றும் நடக்காததுபோல.

"அதுதான் இல்ல தாயி. திங்கக்கெழமதான் வரும். வீட்டுல பழசு இருந்தா எடுத்துட்டு வாங்க. பிளக்கக் கழத்தி, பச்சை முடுக்கியிருக்கான்னு பாத்துத் தாரேன்."

"பழசு நல்லதுதாண்ணே. கெட்டது அவரோடயே போயிருச்சு."

அப்படித்தான் அவள் நம்பியிருந்தாள். சுருளிவேலிடம் இரண்டு கார்டு இருந்தன. இரண்டும் தடித்தவை, கறுப்பு, ஒரே மாதிரி மூன்று கம்பி பிளக். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் உள்ளே. ஒன்றில் பச்சை வயரைத் திருகாணியிலிருந்து கழற்றிவிட்டிருந்தான். மலைமேல் இந்த மாதிரிப் பழைய வயரிங் உள்ள இடங்களில் பச்சை சேர்ந்திருந்தால் ஆம்ப் உறுமும். கழற்றிவிட்டால் உறுமல் அடங்கும். கச்சேரிக்காரர்கள் பலபேர் செய்கிற கைவேலை அது. பாட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்கும். உயிருக்கு என்ன என்று யாரும் யோசிப்பதில்லை.

அவன் செத்த அன்று இரண்டு கார்டும் ஒரே பையில் வீடு வந்து சேர்ந்தன. ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. ரேணுகா அதைப் பார்த்தாள். கோடவுனில் சொத்தை, சுருங்கல், வெறும் தோல் என்று கழித்த காயெல்லாம் போகிற மூட்டையின் வாயில் சிவப்பு நூல்தான் கட்டுவார்கள். கட்டிக் கட்டி அவள் விரலில் தழும்பே உண்டு. சிவப்பு நூலைக் கண்டால் அந்த மூட்டையை நல்லதோடு சேர்க்கக்கூடாது. அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

வாய்க்கரிசி போடுகிற நேரத்தில், கோடித்துணிக்குள் கையை விட்டு அந்தக் கார்டை அவன் விலாவோரத்தில் செருகிவிட்டாள்.

"இதையும் கொண்டுபோயிருங்க," என்று காதோரம் சொன்னாள். பிறகு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அவனோடு அதுவும் மண்ணுக்குள் போனது.

மிச்சமிருந்த கார்டை எறிய மனசு வரவில்லை. சோறு பொங்குகிற கரண்டுக் குக்கரின் வயர் கருகிப்போயிருந்தது. வாய் ஒன்றாக இருந்ததால் அதில் மாட்டிக்கொண்டாள். ஒரு வருஷமாக அதில்தான் சோறு. அதைத்தான் இன்றைக்குக் காலையில் குக்கரிலிருந்து உருவிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

அருள்பாண்டி கார்டை ஆம்பின் முதுகில் செருகினான். பிளக்கைச் சுவரில் மாட்டினான். சுவிட்சைப் போட்டான். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒரு சத்தமும் இல்லை.

"அடேங்கப்பா," என்றார் பிச்சைமணி. "போன வருஷம் மொதல்ல இதே எடத்துல எரும கத்துன மாதிரிக் கத்துச்சு. இப்பப் பாரு, கெணத்துக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு."

"சுத்தம்ணே!" அருள்பாண்டி தந்தியை ஒருமுறை தட்டினான். அந்தக் கீழ்ச்சத்தம் பலகையில் ஓடிச் சுவரில் மோதி அடங்கியது. அடங்கியபிறகு மறுபடி ஒன்றுமில்லை.

ரேணுகா உள்ளங்காலைத் தரையில் அழுத்திப் பார்த்தாள். கொஞ்சம் முன்னால் கீழே இருந்த உறுமலும் நின்றுபோயிருந்தது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

என்னவோ சரியில்லை என்று மட்டும் பட்டது. என்னவென்று பிடிபடவில்லை. விரல் மாதிரியே புத்தியும் மரத்துக் கிடந்தது.

"மோளே, இங்க வா. ஒரு கட்டங்காப்பி குடி. மொகம் வெளிறிக் கெடக்கு."

வாசலில் முனியாயி நின்றாள். ஸ்டோர்ச் சாவி அவளிடம்தான். சின்ன வயதிலேயே சிலமலையிலிருந்து எஸ்டேட்டுக்கு வந்தவள். மலையாளம் பாதி தமிழ் பாதியாகப் பேசுவாள். முற்றத்துக்கு அந்தப் பக்கம், கோயிலை ஒட்டி ஓலைச் சார்ப்பில் அவள் அடுப்பு எரிந்தது. நடந்து போகையில் ரேணுகா திரும்பிப் பார்த்தாள். ஸ்டோர் மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. கதவு இருந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மங்கலான மஞ்சள்.

காப்பி சூடாக இருந்திருக்க வேண்டும். டம்ளரை வெறுங்கையால் பிடித்தாள். முனியாயி அதைக் கவனித்தாள்.

"சுடலையா ஒனக்கு?"

"தெரியல ஆத்தா. வெரலு மரத்துப்போச்சு."

"எப்பத்திலருந்து?"

"அவரு போனதுலருந்து. சோறு பொங்கயில குக்கரத் தொட்டா, சுருக்குன்னு எறும்பு கடிக்கிற மாதிரி ஒண்ணு ஏறும். அது மட்டுந்தான் தெரியுது."

முனியாயி அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். கோயில் பக்கம் குலவைச் சத்தம் எழுந்து நின்றது. பொங்கல் இறக்கிவிட்டார்கள்.

"நல்ல பையன் ஒன் புருஷன்," என்றாள் கிழவி. "போன வருஷம் இங்கதான் ஒக்காந்திருந்தான், நீ ஒக்காந்திருக்கிற எடத்துல. அம்மன் காப்பு நூலு செவப்பா ஒண்ணு எடுத்து, கையில கட்டிக்கடான்னு குடுத்தேன். சிரிச்சான். கையில கட்டினா தந்தியில சிக்கும் ஆத்தா, என் உசுரு இதுக்குள்ளதான் ஓடுதுன்னு சொல்லி, அந்தக் கறுத்த வயரு கழுத்துல கட்டினான்."

ரேணுகா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எந்த வயருல ஆத்தா?"

"நல்ல வயருலதான். ரெண்டு வச்சிருந்தானே. இது பச்சை உள்ளது, என்னயக் காப்பாத்துறது, இதுக்குத்தான் காப்புன்னான். அவன் மொதல்ல அதத்தான் மாட்டினான் மோளே. சத்தம் போடுது, மாத்து மாத்துன்னு அந்தக் கீபோர்டுக்காரன்தான்…"

அதற்குமேல் ரேணுகாவுக்குக் கேட்கவில்லை.

சிவப்பு நூல் கழிவுக்கு இல்லை.

நல்லதை அவள் மண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். கெட்டதை வீட்டில் வைத்துச் சோறு பொங்கினாள். எறும்பு கடித்தது துக்கம் இல்லை. அவனைக் கொண்டுபோனது அவளையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது அதே கார்டு ஸ்டோருக்குள் இருந்தது. அவளேதான் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆம்ப் உறுமவில்லை. பச்சை சேர்ந்திருந்தால் உறுமியிருக்கும்.

எழுந்தாள். கால் தரையில் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஓடத்தான் செய்தாள், ஆனால் யாரோ ஓடுவதை எங்கிருந்தோ பார்ப்பதுபோல இருந்தது. முற்றம் முழுக்க மேகம். எதிரே யார் யாரோ வந்தார்கள். பொங்கல் பானையோடு ஒருத்தி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி. விலக்கிக்கொண்டு போனாள். "ஏத்தா, சாமி வந்துருச்சா?" என்று எவளோ சிரித்தாள்.

ஒலிபெருக்கியில் பிச்சைமணியின் குரல் வந்தது.

"…நம்ம சுருளிவேலோட தம்பி, இன்னைக்கு மொத மொதலா நம்ம மேடையில…"

கத்தினாள். கத்தியதாகத்தான் நினைத்தாள். வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

கைதட்டல்.

"…அண்ணன நெனச்சு ரெண்டு வார்த்த பேசுவாப்ல."

கதவு.

மேடை தெரிந்தது. அருள்பாண்டி கிடாரை மாட்டிக்கொண்டு நின்றான். செருப்பில்லை. சாமிக்கு முன்னால் வாசிக்கிற மேடை என்று கழற்றி வைத்திருந்தான். பலகை ஈரம். இடது கை தந்திகளை மூடிப் பிடித்திருந்தது. மைக்கைப் பார்த்து ஒரு எட்டு வைத்தான். வலது கை மைக்கை நோக்கி நீண்டது.

ரேணுகாவுக்கும் அவனுக்கும் நடுவே தரையெல்லாம் சனம் உட்கார்ந்திருந்தது.

அவன் குனிந்தான்.

அப்போது உறுமல் வந்தது.

முதலில் தரையில்தான். உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு சுவரில். பிறகு ஆம்பிலிருந்தே, தடித்து, கனத்து, ஒரே சுருதியில், தகரக்கூரையின் ஆணிகள் கிணுகிணுக்கிற அளவுக்கு. பல்பு மங்கி, நிமிர்ந்து, மறுபடி மங்கியது. ஒரு குழந்தை வீறிட்டது.

அருள்பாண்டி மைக்குக்கு அரைச் சாண் தூரத்தில் நின்றான். நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். திரும்பி ஆம்பைப் பார்த்தான்.

"என்னடா இது எழவு! நல்லாத்தான இருந்துச்சு?" என்றார் பிச்சைமணி.

"தொடாத!"

இந்தத் தடவை குரல் வந்தது. ரேணுகா மேடையில் ஏறிவிட்டாள். "எதையும் தொடாத அப்பு. அப்படியே நில்லு."

ஆம்புக்குப் பின்னால் மண்டியிட்டாள். சுவிட்சை அணைத்தாள். பிளக்கைப் பிடித்து இழுக்கப் போனவள் கையை நிறுத்தினாள்.

கார்டின் கழுத்தில் சிவப்பு நூல் இருந்தது.

வெளுத்த, நைந்த நூல். கார்டு முழுக்க ஈரம். வளைவுகளில் செம்மண் அப்பியிருந்தது. ஒரு இடத்தில் காய்ந்த பூவிதழ் ஒன்று ஒட்டியிருந்தது, மாலையிலிருந்து உதிர்ந்ததுபோல. இரண்டு அரிசிமணி. அதிலிருந்துதான் சூடமும் மண்ணும் மணத்தது.

காலையில் குக்கரிலிருந்து உருவிய கார்டு எங்கும் இல்லை. துணிப்பை வெறும் பையாகக் கிடந்தது.

"இத யாரு மாத்துனது?" என்று மெல்லக் கேட்டாள்.

"யாரும் மேடைப் பக்கமே வரல மதினி," என்றான் அருள்பாண்டி, அவளைவிட மெல்ல. கார்டை அவனும் பார்த்துவிட்டான். "மதினி… அது…"

"பேசாம இரு."

பிச்சைமணி எட்டிப் பார்த்தார். நூலைக் கண்டதும் அவர் முகம் மாறியது. கீபோர்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

சுருளிவேலின் விலாவோரத்தில் அவள் செருகிய கார்டேதான். அனுப்பியவன் எதற்கு அனுப்பினான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தம்பியைக் காக்கவா, கூட வைத்துக்கொள்ளவா? மாமியார் சொன்னது ஞாபகம் வந்தது. இன்னொண்ணக் கொண்டாந்து சேத்துரு.

சுவிட்சைப் போட்டாள். உறுமல் உடனே வந்தது, விட்ட இடத்திலிருந்து.

அருள்பாண்டியின் தோளிலிருந்து கிடாரை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். வெறுங்காலை ஈரப் பலகையில் ஊன்றினாள். இடது கையால் நாலு தந்தியையும் சேர்த்துப் பிடித்தாள்.

"மதினி வேணாம்! அய்யோ மதினி!"

வலது கையால் மைக்கை இறுகப் பற்றினாள். போன வருஷம் அவன் பற்றிய மாதிரியே. உதட்டையும் கொண்டுபோய் வைத்தாள்.

ஒன்றும் ஆகவில்லை.

எறும்புகூடக் கடிக்கவில்லை. உறுமல் மட்டும் தந்தி வழியாக ஏறி, கை வழியாக நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து, பழகிய மாதிரி அங்கே நின்றது. அவள் மூச்சு ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டது.

கிடாரைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள்.

"வாசி அப்பு. இது ஒன்னய ஒண்ணும் பண்ணாது."

அவன் வாசித்தான். ஒரு பாட்டும் விட்டுப்போகவில்லை. எல்லாப் பாட்டுக்கும் அடியில் அந்த உறுமல் ஓடிக்கொண்டே இருந்தது. அதை அடக்கச் சொல்லி இந்தத் தடவை பிச்சைமணி கேட்கவில்லை.

கச்சேரி முடிந்ததும் அருள்பாண்டி சுவிட்சை அணைத்தான், பிளக்கை உருவினான், கார்டை ஆம்பிலிருந்தும் பிடுங்கினான். சிவப்பு விளக்கு அணைந்தது.

உறுமல் அணையவில்லை.

எல்லாரும் சாமான் கட்டுவதை விட்டுவிட்டு நின்றார்கள். வயரில்லாத பெட்டி கொஞ்சநேரம் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு சத்தம் பெட்டியிலிருந்து இறங்கியது, பலகைக்குப் போனது, பலகையிலிருந்து கீழே. முனியாயி வாசலில் நின்று கேட்டாள். "செரி, போ மோனே," என்றாள் யாரையோ பார்த்து. எல்லாரும் வெளியே வந்ததும் கதவைச் சாத்திப் பூட்டினாள்.

ஜீப் மலையிறங்கியது. அடிவாரத்து முந்தலுக்கு வந்து மேகம் விலகி, வயலும் வெயிலும் தெரிந்தபிறகுதான் அருள்பாண்டி வாயைத் திறந்தான்.

"அண்ணன் வந்துச்சா மதினி?"

"அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத," என்றாள் அவள்.

வாசலில் நின்ற மாமியாரிடம் மகனைச் சேர்த்தாள். கிழவி அவன் முகத்தையும் கையையும் தடவித் தடவிப் பார்த்து அழுதாள். ரேணுகா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை சோணை அந்தப் பிளக்கைக் கழற்றினார். உள்ளேயிருந்து பிடிமண் கொட்டி மேஜையில் விழுந்தது.

"பச்சை இரும்பு மாதிரி முடுக்கியிருக்கு. பேஸ் ஆம்புக்கு இதவிட நல்ல கார்டு என் கடையில கெடையாது," என்றார். "ஆனா இத எங்க தாயி போட்டு வச்சிருந்த? மண்ணுக்குள்ள கெடந்த மாதிரியில்ல இருக்கு?"

"மண்ணுக்குள்ளதாண்ணே கெடந்துச்சு," என்றாள். அவர் சிரித்தார்.

மண்ணைத் தட்டித் துடைத்து, புது நூல் சுற்றாமல் பழைய நூலோடு அப்படியே அருள்பாண்டியிடம் கொடுத்துவிட்டாள். அது அடுத்த தெருவில் மாமியார் வீட்டில் இருக்கிறது. காணாமல்போன கார்டு எங்கே போயிருக்கும் என்று யாரும் பேசவில்லை. அவள் மட்டும் சிலசமயம் யோசிப்பாள். கோடித்துணிக்குள், விலாவோரத்தில், தான் செருகிய அந்த இடத்தில் இப்போது எது இருக்கும் என்று.

குக்கரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். சோறு அடுப்பில்தான் பொங்குகிறது. எறும்புக்கடி நின்றுவிட்டது. விரல்தான் திரும்பவில்லை. காய் தெரிவதில்லை, சூடு தெரிவதில்லை, தலைசீவும்போது சொந்த முடிகூடத் தெரிவதில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரை தீர்ந்துபோயிற்று.

கோடவுன் லீவு விட்ட ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெறுந்தரையில் படுத்திருந்தாள். ஜன்னலில் வெயில். தெருவில் பழவண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். புரண்டு படுத்து, உள்ளங்கையைச் சிமெண்டுத் தரையில் வைத்தாள்.

தெரிந்தது.

தரைக்கு அடியில், வெகு ஆழத்தில், ஒரே சுருதியில், அந்த உறுமல்.

வீட்டில் எதுவும் ஓடவில்லை. எழுந்துபோய் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு வந்து மறுபடி கையை வைத்தாள். அப்போதும் இருந்தது. எறும்புக்கடி நின்றபிறகு அவள் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் படுத்துக்கொள்கிறாள். பயம் வருகிறதா என்று பார்க்கிறாள். வரவில்லை. அழுகையும் வரவில்லை. உள்ளங்கையை விரித்துத் தரையில் வைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கிறாள்.

நேற்றைவிட இன்றைக்கு அது இன்னும் கொஞ்சம் மேலே வந்திருந்தது.

அவள் கையை எடுக்கவில்லை.